பாதி வழியில் நிற்கும் இரக்கம்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை கேமரன் மலையில் முதலில் தொடும் ஊர் ரிங்லெட். கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே அமைந்த ஊர் அது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டமும், 1933இல் தோன்றிய பாரத் தோட்டமும் அம்மலைச் சரிவுகளில் தமிழ்த் தொழிலாளரின் வியர்வையால் பச்சை விரித்தன. பகலில் வெயில் சுடினும், பொழுது சாய்ந்ததும் அங்கே மூடுபனி இறங்கிவிடும். வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழே போய்விடும். லயத்து வீடுகளில் பெரியவர்களே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் குளிர் அது.

அந்த நேரம் பார்த்தே கடைத்தெருவின் பின்புறத்திலோ, கோயில் மதிலோரத்திலோ, காய்கறித் தோட்டத்துக்குப் போகும் பாதையிலோ ஒரு சாக்குப் பை இறக்கி வைக்கப்படுகிறது. உள்ளே கண் திறவாத நான்கு பூனைக்குட்டிகள். தொப்புள்கொடி இன்னும் காய்ந்து உதிரவில்லை. ரிங்லெட்டுக்கு மட்டும் உரிய காட்சியன்று இது; தோட்டப்புறங்கள் எங்கும், தமிழகத்துச் சிற்றூர்கள் எங்கும் பழகிப் புளித்துப்போன காட்சிதான். ஆயினும் ரிங்லெட்டின் குளிர் இதற்கு ஒரு கெடுவை விதித்துவிடுகிறது. அங்கே விடியும்வரை காத்திருக்கும் உதவி பெரும்பாலும் உதவாத உதவியே.

அச்சாக்கைக் கடந்து மூவர் செல்வதாகக் கொள்ளலாம். முதலாமவர் கண்டும் காணாதவர்போல் நடக்கிறார். இரண்டாமவர் "ஐயோ, பாவம்!" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறார். மூன்றாமவர் நின்றுவிடுகிறார், வீட்டுக்கு ஓடிப்போய்த் தேங்காய்ச் சிரட்டையில் டின் பாலைக் கரைத்துக் கொண்டுவந்து, குட்டிகளின் அருகே வைத்துவிட்டு, நிறைந்த நெஞ்சோடு திரும்புகிறார். காலையில் சிரட்டையில் பால் அப்படியே இருக்கிறது. குட்டிகள் நான்கும் விறைத்துக் கிடக்கின்றன.

சாக்கைக் கட்டியவரின் குற்றத்தை எவரும் அறிவர். கண்டும் காணாதவரின் குற்றத்தையும் ஊர் அறியும். ஆனால் மூன்றாமவரை ஊர் புகழ்கிறது. அவரும் புண்ணியம் செய்ததாகவே உறங்கப் போகிறார். வழக்கு எழ வேண்டியது முதன்மையாக அவர்மீதே. கல்நெஞ்சர் எண்ணிக்கையில் சிலரே. இரக்கம் உடையவர்கள் பலர். அவர்களின் இரக்கம் ஒரு சிரட்டைப் பாலோடு முடிந்துபோவதனால்தான் சாக்குப் பைகளின் வரிசையும் முடியாமல் நீள்கிறது.

பேகன் தந்தது போர்வை

தமிழ் மேடைகளில் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபி, கன்றை இழந்த பசுவுக்கு முறைசெய்த மநுநீதிச் சோழன் என்று அடுக்கிக்கொண்டே போகாத பேச்சாளர் உண்டோ? அவ்வரிசையில் பேகனும் இருக்கிறான். மலைநாட்டுத் தலைவனாகிய அவன், மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி. கைதட்டி மகிழ்ந்த கூட்டம் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டது. மலைக்குளிரில் ஓர் உயிரைக் கண்டவுடன் பேகன் தந்தது போர்வை. அவன் பால் கிண்ணம் தேடி ஓடவில்லை. மயிலாவது நடுங்கிக் காட்டியது. பிறந்து ஒரு வாரம் ஆகாத பூனைக்குட்டிக்கு நடுங்கும் ஆற்றல்கூட இன்னும் வாய்க்கவில்லை.

தமிழ் நூல்களுக்குப் பூனைக்குட்டி அயலான் அன்று. வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்று தொல்காப்பிய மரபியல் வரையறுத்துள்ளது. பின்வந்த வைணவப் பெரியோர், இறைவனின் அருளுக்கு உவமை தேடியபோதும் பூனைக்குட்டியிடமே வந்து நின்றனர். குரங்குக்குட்டி தன் தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்யாது, தாய்தான் அதைக் கவ்விச் செல்லும். முன்னதை மர்க்கட நியாயம் என்றும், பின்னதை மார்ச்சார நியாயம் என்றும் பெயரிட்டு, வடகலையும் தென்கலையும் நெடுங்காலம் வாதிட்டன. தன்னால் எதையும் பற்றிக்கொள்ள இயலாத உயிர் எதுவென்று கேட்டால், அதற்குத் தமிழ்ச் சமயச் சிந்தனை காட்டிய சான்று பூனைக்குட்டி! அந்த உவமையைக் கோயில் மண்டபத்தில் கேட்டு உருகியவர், வெளியே வரும்போது மதிலோரத்துச் சாக்கைத் தாண்டிப் போவாராயின், அவர் கேட்ட நியாயம் எங்கே போயிற்று?

வள்ளலாரின் பெயரைச் சொல்லாத சீவகாருணியப் பேச்சும் இல்லை. ஆனால் வள்ளலார் கண்ணீரோடு நின்றாரா? 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி அடுப்பு மூட்டினார். அன்று மூண்ட அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அதன் பொருள் என்ன? இரக்கம் என்பது ஒரு கணத்து உருக்கமாக முடிவதன்று. நாள்தோறும் விறகிட்டு, நாள்தோறும் உலைவைத்து, நாள்தோறும் பாத்திரம் கழுவும் வேலை அது. சிரட்டைப் பாலை வைத்துவிட்டுத் திரும்பும் இரக்கத்தை அந்த அடுப்பின் முன் நிறுத்திப் பார்த்தால் அதன் அளவு விளங்கும்.

குளிர் முந்தும், பசி பிந்தும்

இரக்கம் உடையவர் செய்யும் முதற்பிழை, குட்டியைத் தூக்குவதிலேயே தொடங்குகிறது. விறகுக் கொட்டகையில் குட்டிகள் தனியே கிடக்கக் கண்டவுடன், தாய் விட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி வாரிக்கொண்டு வந்துவிடுகின்றனர். தாய்ப்பூனை இரைதேடப் போயிருக்கலாம்; வேறிடத்துக்குக் குட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கலாம். குட்டிகள் வயிறு நிறைந்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சூடாக, சத்தமின்றி உறங்கினால் தாய் அண்மையில் இருக்கிறாள் என்றே பொருள். தொலைவில் நின்று சில மணி நேரம் பார்ப்பதே அப்போது செய்யத்தக்கது. பொறுமையற்ற இரக்கம், தாயுள்ள குட்டிகளைத் தானே அநாதைகளாக்கிவிடுகிறது. கட்டிய சாக்கில் கிடப்பவையும், உடல் சில்லிட்டு ஓயாது கத்துபவையும் வேறு. அவற்றுக்குக் காத்திருக்க நேரமில்லை.

இரண்டாம் பிழை, குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டுவது. பிறந்த குட்டியின் எடை ஏறத்தாழ நூறு கிராம். ஓர் ஆரஞ்சுப் பழத்தின் எடைகூட இல்லை. அத்தனை சிறிய உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் உடலுமே அதன் கணப்பு. உடல் குளிர்ந்துவிட்டால் குடல் இயங்காது. உட்சென்ற பால் செரிக்காது தேங்கி அதுவே நஞ்சாகும். ஆகவே முதலில் சூடு, பிறகே உணவு. இந்த ஒரு விதியை அறிந்திருந்தால் ரிங்லெட்டின் மூன்றாமவர் சிரட்டையைத் தேடாமல் தம் கம்பளிச் சட்டையைக் கழற்றியிருப்பார். ஓர் அட்டைப் பெட்டி, ஒரு பழங்கம்பளி, துணி சுற்றிய ஒரு வெந்நீர்ப் போத்தல்: இம்மூன்றும் இல்லாத லயத்து வீடு உண்டோ? முதல் வாரத்தில் பெட்டிக்குள் முப்பது பாகையளவு வெதுவெதுப்பு வேண்டும். சூடு மிகுந்தால் ஊர்ந்து விலகிக்கொள்ளப் பெட்டியின் ஒரு பாதியில் போத்தல் இல்லாத இடமும் வேண்டும். சில்லிட்ட குட்டியை மெல்ல மெல்லவே சூடேற்ற வேண்டும். அடுப்பருகே வைத்து வாட்டுவதும் கொலையே.

மூன்றாம் பிழை, பாலைப் பற்றிய அறியாமை. பூனையும் பாலும் என்றால் பிரிக்கமுடியாதவை என்று பழமொழிகளும் பாட்டிக்கதைகளும் பழக்கிவிட்டன. பசுவின் பால் கன்றுக்கு உரியது. பூனைக்குட்டிக்கு வேண்டிய புரதம் அதில் இல்லை. அதன் வயிற்றுக்கு ஒவ்வாமல் கழிச்சலையும் உண்டாக்கும். நூறு கிராம் உடலில் கழிச்சல் கண்டால் நீர் வற்றிப்போக ஒரு பகல் போதும். சர்க்கரை கொட்டிய டின் பாலோ அதனினும் கேடு. பூனைக்குட்டிகளுக்கென்றே செய்யப்படும் பால்மா இன்று நகரக் கடைகளில் கிடைக்கிறது. அதனினும் மேலானது, வேறொரு லயத்தில் ஈன்றிருக்கும் தாய்ப்பூனை. தன் குட்டிகளோடு அநாதைக் குட்டியையும் அணைத்துப் பாலூட்டும் பூனைகள் பல உண்டு. ஊரில் யார் வீட்டில் பூனை ஈன்றிருக்கிறது என்று கேட்டறிவதற்குக் காசு தேவையில்லை. நான்கு வீட்டுக் கதவைத் தட்டும் மனம் போதும்.

நான்காம் பிழை, புகட்டும் முறை. மனிதக் குழந்தையைப் போல் குட்டியை மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குட்டி தாயிடம் குப்புறக் கிடந்தே பால் குடிக்கும். கையிலும் அவ்வாறே கிடக்க வேண்டும். பால் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சிறு புட்டியிலோ ஊசி நீக்கிய சிரிஞ்சிலோ சொட்டுச் சொட்டாக, குட்டி தானே உறிஞ்சும் வேகத்திலேயே செல்ல வேண்டும். புகட்டியபின் வேலை முடிந்ததா? இல்லை. தாய் நாவால் நக்கிவிட்டாலன்றி அச்சிறு உயிருக்குச் சிறுநீரும் மலமும் கழிக்கத் தெரியாது. நாவுக்குப் பதிலாக வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் தடவிவிட வேண்டும். மூன்று வாரம்வரை ஒவ்வொரு முறை புகட்டும்போதும் இது வேண்டும். இதனை அறியாதவர் வயிறு உப்பிய குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "நன்றாகத்தானே குடித்தது" என்று வியப்பர்.

இவையெல்லாம் மருத்துவக் கல்லூரியில் கற்கவேண்டிய மறைபொருள் அல்ல. சமையலறைத் தராசில் நாள்தோறும் எடை பார்த்தால் பத்துப் பதினைந்து கிராம் கூடிக்கொண்டு வரும். கூடவில்லையெனில் ஏதோ கேடு என்று பொருள். ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். நான்காம் வாரத்தில் தட்டில் வைத்த கூழுணவை நக்கத் தொடங்கும். அளவறிந்து மாவு கரைக்கவும், குழந்தைக்கு மருந்து புகட்டவும் தெரிந்த தோட்டத்துப் பெண்மணி எவருக்கும் இது கைவரும். எவ்வளவு காத்தாலும் சில குட்டிகள் இறக்கத்தான் செய்யும். இறக்கக்கூடும் என்பதைக் காட்டி முயலாமலிருப்பதும், பயிர் அழியக்கூடும் என்று விதையாமலிருப்பதும் ஒன்றே.

சாக்குப்போக்குகளும் அவற்றின் எடையும்

"பெரட்டுக்குப் போகும் பாட்டாளிக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்பது முதல் எதிர்வாதம். இதில் உண்மை இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், பால் புகட்ட வேண்டும். விடிந்தால் கொழுந்து மலைக்கு ஏறவேண்டிய ஒருவர் தனியாக இதைச் செய்யவே முடியாது. ஆனால் தோட்டத்துத் தமிழர் பிள்ளை வளர்த்தது எப்போது தனித்தனியாக? தாய்மார் பெரட்டுக்குப் போகுமுன் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். வயதான ஓர் ஆயா ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் தொட்டிலாட்டினாள். ஒருவர் சுமக்க முடியாததை ஊர் சுமக்கும் என்பதே அந்தக் கொட்டகை கற்பித்த பாடம். பகலில் வேலையோய்ந்த பாட்டி, மாலையில் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள், இரவில் ஒரு வீடு மாற்றி ஒரு வீடு என்று முறைவைத்தால், அந்தக் கடினமான மூன்று வாரம் கடந்துபோகும். தனியாள் தோற்கும் வேலை என்பதற்காக ஊரே கைவிடலாமா?

"மனிதருக்கே வழியில்லை; பூனைக்கு என்ன கேடு?" என்பது இரண்டாவது வாதம். உழைக்கும் மக்கள் கூலிக்கும் குடியிருப்புக்கும் பட்ட பாடு பொய்யன்று. ஆனால் இக்கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் யார்? மனிதருக்காக அல்லும் பகலும் உழைத்துக் களைத்தவர் இப்படிக் கேட்பதில்லை. எந்த வேலைக்கும் எழாதவரே பூனையைக் கண்டவுடன் மனிதநேயம் பேசத் தொடங்குகிறார். இரக்கம் போத்தலில் அடைத்த எண்ணெய் போன்றதன்று, ஓரிடத்தில் ஊற்றினால் மற்றோரிடத்தில் குறைந்துபோவதற்கு. குட்டிக்காக இரவில் எழுந்து பழகிய கை, அண்டை வீட்டு நோயாளிக்காகவும் எழும்.

"இயற்கையின் நியதி" என்பது மூன்றாவது வாதம். சாக்கைக் கட்டியது இயற்கையா? பூனையைக் காட்டிலிருந்து களஞ்சியத்துக்கு வரவிட்டவன் மனிதன். எலி பிடிக்க வைத்துக்கொண்டவனும் மனிதன். இந்நாட்டு வரலாற்றிலேயே அதற்கு ஒரு சான்று உண்டு. 1960இல் சரவாக்கின் பாரியோ மேட்டுநிலத்தில் எலித்தொல்லை பெருகியபோது, பிரிட்டிஷ் விமானப்படை பூனைகளைக் கூடைகளில் இட்டு வான்குடையால் இறக்கியது. ஒரு மேட்டுநிலத்தில் பூனைக்காக விமானம் பறந்தது. மற்றொரு மேட்டுநிலத்தில் அதே பூனையின் குட்டிகள் சாக்கில் இறங்குகின்றன. எலி தொல்லை தரும்போது பூனை வேண்டும். பூனை ஈனும்போது இயற்கை நியதி வேண்டும். இது நியதியா, வசதியா?

வீடு தேடுதல்

இரவெல்லாம் விழித்துக் குட்டிகளைக் காப்பாற்றிய நல்லவர் சிலர் கடைசிப் படியில் வழுக்கி விழுகின்றனர். குட்டிகள் ஓடியாடத் தொடங்கியதும் சந்தை நாளில் பெட்டியோடு போய், கை நீட்டியவரிடமெல்லாம் கொடுத்துவிட்டு வருகின்றனர். இதற்கு 'வீடு தேடித் தருதல்' என்று பெயர். உண்மையில் இது சாக்கின் நாகரிகமான மறுபெயர். சாக்கைக் கட்டியவர் குட்டியை ஒரே இரவில் கைவிட்டார். இவர் இரண்டு மாதம் வளர்த்துக் கைவிடுகிறார்.

குட்டிக்கு எட்டு வாரமாவது நிறைய வேண்டும். அதற்குள் பூச்சி மருந்து புகட்டியிருக்க வேண்டும். தடுப்பூசி தொடங்கியிருக்க வேண்டும். மனிதர் கைக்குப் பழகியிருக்க வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை பழகும் பழக்கமே அதன் வாழ்நாள் குணத்தை அமைக்கிறது. பிறகு, கேட்டு வருபவரிடம் கேள்வி கேட்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? குடியிருப்பில் வளர்க்க அனுமதி உண்டா? வேலை மாறிக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போக நேர்ந்தால் பூனை எங்கே போகும்? காய்கறித் தோட்டத்தில் எலிப் பாஷாணம் வைக்கும் வழக்கம் உண்டா? உரிய வயதில் கருத்தடைக்கு அழைத்துச் செல்வாரா? வளர்க்க முடியாமற்போனால் வீதியில் விடாமல் திருப்பித் தருவாரா? இக்கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படுபவர் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது கூச்சப்படுவதில்லை. விடை சரியில்லையெனில், உறவினரே ஆயினும், சங்கத் தலைவரே ஆயினும், "இல்லை" என்று சொல்லும் துணிவு வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல இயலாமையினால் அழிந்த குட்டிகள் ஏராளம்.

கேட்டு வருபவர் சொல்லும் சொற்களும் கவனிக்கத்தக்கவை. "கறுப்பு வேண்டாம், சகுனத்தடை" என்பது ஒன்று. அறிவியல் படித்த பட்டதாரியும் இதைச் சொல்லக் கேட்கலாம். குறுக்கே போன பூனையால் கெட்ட காரியம் எதுவும் இல்லை. வண்டியின் குறுக்கே போய்க் கெட்ட பூனைகளே உண்டு. "பெட்டை வேண்டாம், கடுவன் இருந்தால் கொடுங்கள்" என்பது மற்றொன்று. பெண்ணாகப் பிறந்தது சுமை என்னும் சொல் தமிழர் வீடுகளுக்குப் புதியதன்று. மனிதரிடம் சொல்ல நாணத் தொடங்கிய அச்சொல்லைப் பூனைக்குட்டியிடம் நாணமின்றிச் சொல்கின்றனர். சாக்குகளில் பெட்டைக்குட்டிகள் சேர்வதற்குக் காரணம் அவை ஈனும் என்னும் அச்சம். அந்த அச்சத்துக்கு மருந்து இருக்கிறது. மருந்தை மறுத்துவிட்டுக் குட்டியை எறிவதுதான் வழக்கமாகிவிட்டது.

வேரை விட்டுவிட்டு

அந்த மருந்து கருத்தடை. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். பெட்டைக்குட்டி நான்கைந்து மாதத்திலேயே பருவமடையக்கூடும். ஆண்டுக்கு இருமுறை மூன்றுமுறை ஈனக்கூடிய ஓர் உயிரின் குட்டிகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, தாயை அப்படியே விட்டுவிடுபவர், ஓட்டைப் படகிலிருந்து நீரை இறைத்துக்கொண்டே ஓட்டையை அடைக்க மறுப்பவர். இதுவும் பாதி இரக்கமே. "கருத்தடை பாவம்; இயற்கைக்கு மாறானது" என்று கைவிரிப்போர் ஒரு கேள்விக்கு விடை சொல்லட்டும்: மயக்க மருந்து தந்து ஒருமுறை செய்யும் அறுவையா பாவம், ஆண்டுதோறும் குளிரில் வைக்கப்படும் சாக்கா பாவம்? பாவக்கணக்கில் முன்னதை எழுதிப் பின்னதை விட்டுவிடும் எழுத்தன் யார்?

தமிழர் நடுவே இவ்வழி புதியதன்று. 1959இல் சென்னைத் தியாகராய நகரில் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் என்னும் விமானி வீட்டுக்கு எடுத்துவந்தார். அந்நிகழ்ச்சியிலிருந்து வளர்ந்ததே புளூ கிராஸ் அமைப்பு. வெள்ளத்திலிருந்து எடுத்ததோடு அவர்கள் நின்றிருந்தால் ஊர் அதை மறந்திருக்கும். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதால் அவை குறைவதில்லை என்று கண்டு, 1964 முதல் கருத்தடையே வழி என்று வாதிடத் தொடங்கினர். சென்னை மாநகராட்சி அவ்வழியை நகரெங்கும் ஏற்க 1996 ஆயிற்று. முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும் பொறுமையும் இரக்கத்தின் ஒரு பகுதிதான். அண்டை நாடான சிங்கப்பூரில் அடுக்குமாடி அரசாங்க வீடுகளில் நெடுங்காலம் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பரில் அத்தடை நீங்கி, வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமம், அடையாளச் சில்லு என்னும் ஒழுங்கு வந்தது. தடுப்பதைவிடப் பொறுப்பேற்கச் செய்வதே நன்று என்று ஓர் அரசும் உணர நேர்ந்தது.

மலேசியாவில் சட்டம் இல்லையா? உண்டு. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விலங்கைக் கொடுமைப்படுத்தியவனுக்கு உச்ச அபராதம் நெடுங்காலம் 200 வெள்ளியாகவே இருந்தது. விலங்கு நலச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டு, 2017 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. 15,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளிவரை அபராதம், மூன்றாண்டுவரை சிறை, அல்லது இரண்டும் என்று அது கூறுகிறது. 2018இல் கோம்பாக்கில் ஒரு சினைப் பூனையைச் சலவைக் கடை உலர்த்தும் இயந்திரத்தில் இட்டுக் கொன்ற வழக்கில், 2019 நவம்பரில் ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. அச்செய்தியைப் படித்து நாடே கொதித்தது. நியாயமான கொதிப்பு. ஆனால் இயந்திரத்தின் சூட்டில் இறந்த பூனைக்காகக் கொதித்தவர்கள், மலைக்குளிரில் இறக்கும் குட்டிகளுக்காக ஏன் குளிர்ந்துபோகின்றனர்? முன்னதைக் கண்காணிப்புக் கருவி படம் பிடித்தது. பின்னதை எவரும் படம் பிடிப்பதில்லை. சட்டம் செயல் முடிந்தபின் வருவது. சாக்கு இறக்கப்படும் இரவில் காவலுக்கு நிற்பது ஊரின் பழக்கமே. அப்பழக்கத்தை எந்த நீதிமன்றமும் உண்டாக்கித் தராது.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. தோட்ட நிர்வாகங்களும் ஆலயக் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் சேர்ந்து, கால்நடை இலாகா மருத்துவரை ஆண்டுக்கு இருமுறையேனும் லயங்களுக்கே வரவழைத்துக் கருத்தடை முகாம் நடத்தலாம். மலைச்சாலையில் பூனையைக் கூடையில் வைத்து இறங்கிவரக் காசும் நேரமும் இல்லாத பாட்டாளியிடம் மருத்துவமே ஏறிப்போவதுதான் முறை. பட்டிமன்றத்துக்கும் பொன்னாடைக்கும் பணம் திரட்டத் தெரிந்த சங்கங்களுக்கு இதற்குத் திரட்டத் தெரியாதா? பள்ளியில் பாரியையும் பேகனையும் கற்பிக்கும் ஆசிரியர், அப்பாடத்தின் முடிவில் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் காட்டலாம். அந்தப் பத்து நிமிடத்தில் பேகன் ஏட்டிலிருந்து இறங்கி வருவான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாக்கைச் சுற்றி எப்போதும் நிற்கும் ஒருவரை ஊர் மறந்துவிடுகிறது. அது ஒரு பிள்ளை. குட்டிகளின் குரலை முதலில் கேட்பதும், சாக்கின் முடிச்சை அவிழ்ப்பதும், சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதும் பெரும்பாலும் எட்டு வயதோ ஒன்பது வயதோ ஆன பிள்ளைதான். வீட்டு வாசலில் அதற்கு என்ன கிடைக்கிறது? "எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வா!" என்னும் ஆணை. அழுதுகொண்டே குளிருக்குள் திரும்பி நடக்கும் அப்பிள்ளை, அன்றிரவு ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறது: நூலில் படித்தது வேறு, வீட்டில் நடப்பது வேறு, பாவம் என்று சொல்லலாம், ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வளர்ந்தபின் அந்தப் பிள்ளையே முதலாமவராகவோ இரண்டாமவராகவோ சாக்கைக் கடந்து போகிறது. அறநூல்களால் பின்னர் திருத்தமுடியாத பாடம் அது.

அந்த ஒரு வாசலில், அந்த ஓர் இரவில், தாய் வேறொரு சொல்லைச் சொல்லலாம். "உள்ளே வா, முதலில் கம்பளியை எடு" என்று சொல்லலாம். பாட்டி வெந்நீர் வைக்கலாம். அடுத்த வீட்டு அக்கா நடுச்சாமத்துப் பாலுக்கு எழுந்துகொள்வதாக ஒப்புக்கொள்ளலாம். மூன்று வாரம் கழித்து நான்கு குட்டிகளில் மூன்று பிழைத்திருக்கலாம். ஒன்று இறந்து, தேயிலைச் செடியோரத்தில் அப்பிள்ளையின் கையாலேயே புதைக்கப்பட்டிருக்கலாம். இரண்டு மாதம் கழித்து நல்ல வீடுகள் கிடைத்திருக்கலாம். தாய்ப்பூனையைத் தேடிப்பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கலாம். அந்த லயத்தில் மறு ஆண்டு சாக்கு தைக்க வேண்டியிராது.

ரிங்லெட்டில் இன்றும் மாலையில் மூடுபனி இறங்கும். அதற்குள் அட்டைப் பெட்டியொன்று எந்த வீட்டுத் திண்ணையில் ஆயத்தமாக இருக்கிறது என்பதே, அந்த ஊரின் இரக்கம் எதுவரை செல்லும் என்பதைச் சொல்லிவிடும்.